உடும்பின் எல்லையும் ஏட்டின் எல்லையும்



உயிரியல் நூல்களில் ஒவ்வொரு விலங்கின் பெயருக்கும் அருகே அது வாழும் நாடும் நிலமும் குறிக்கப்பட்டிருக்கும். தேசப்படத்திலே அப்பரப்பை நிறந்தீட்டிக் காட்டுவதும் உண்டு. அந்நிறத்துக்கு வெளியே அவ்விலங்கு ஒரு நாள் காணப்படுமாயின், அதனைப் புதுச் செய்தியாகக் கொண்டாடுவர். ஆளுயரத்துக்கு மேல் நீண்டு வளரும் பெரும் பல்லியினங்கள்கூட இவ்வாறு காலந்தாழ்த்தே அறிஞர் கண்ணிற்பட்டன என்பது வியப்புக்குரியது. அவ்வரலாற்றின் ஒரு நுனி நமது திருகோணமலைக் கரையிலே தொடங்குகின்றது.

1659 ஆம் ஆண்டின் இறுதியில், மசூலிப்பட்டினத்தருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. 1660 இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை அங்கேயே மாண்டார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், 1679 இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார். 1681 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூல் இன்றும் வாசிக்கப்படுகின்றது.

அந்நூலில் இரு பெரும் பல்லிகளைப் பற்றி நொக்ஸ் எழுதியுள்ளார். ஒன்று சிங்கள மக்கள் கபரகொய எனும் நீருடும்பு. மற்றையது தலகொய எனும் நிலத்து உடும்பு. முன்னையது ஐந்தாறு அடி நீளமுடையது, கருமையும் வெண்மையுமான புள்ளிகளுடையது, நீரில் மூழ்கவல்லது, நாய் நரிகளோடு கூடிப் பிணந்தின்பது, நெருங்கிய நாயைச் சாட்டை போன்ற வாலால் அடித்து விரட்டுவது என்கிறார். பின்னையது சிறியது, மரப்பொந்திலும் புற்றிலும் வாழ்வது, மக்கள் விரும்பி உண்ணும் இறைச்சியை உடையது என்கிறார். கல்லூரியில் விலங்கியல் பயிலாத ஒரு கைதி, கிராமத்தாரோடு கலந்து வாழ்ந்ததனாலேயே இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டார். ஐரோப்பிய விஞ்ஞானத்தில் நீருடும்புக்கு இன்று வழங்கும் இனப்பெயரை லவுரென்றி இட்டது 1768 இலேதான். நிலத்து உடும்புக்குத் தோடின் பெயரிட்டது 1802 இல்.

ஆயினும், ஊரார் சொல் முழுவதும் உண்மையென்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. நிலத்து உடும்பு இலையும் பூண்டும் மட்டுமே தின்பது என்று நொக்ஸ் எழுதிவிட்டார். உண்மையில் அது வண்டு, பூச்சி, முட்டை, சிறு பிராணிகள் ஆகியவற்றைத் தேடி உண்பது. நீருடும்பைக் கொண்டு கொடிய நஞ்சு காய்ச்சுவர் என்ற கதையை 1861 இல் எமேர்சன் தெனன்ற் தமது இலங்கை விலங்கியல் நூலில் எடுத்துரைத்தார். நீருடும்பின் இறைச்சி நஞ்சென்ற எண்ணம் அவ்விலங்கை ஓரளவு காத்தது. அந்தக் காப்பு நிலத்து உடும்புக்குக் கிட்டவில்லை. ஆகவே மக்கள் அறிவை மதித்துக் கேட்க வேண்டும். கேட்டதைச் சான்றுகொண்டு சோதிக்கவும் வேண்டும்.

இவ்விரண்டும் கூடியபொழுது என்ன நிகழ்ந்தது என்பதற்கு இந்தோனேசியாவின் கொமோடோத் தீவு தக்க சான்றாகும். அங்கே 'நில முதலை' ஒன்று உண்டென்று மீனவரும் முத்துக் குளிப்போரும் பேசிக்கொண்டனர். 1910 இல் புளோரெஸ் தீவிலிருந்த ஒல்லாந்த அதிகாரி வான் ஹென்ஸ்புறூக் அப்பேச்சைக் கட்டுக்கதையென்று தள்ளாமல், கொமோடோவுக்குச் சென்று ஒன்றைச் சுட்டு, அதன் தோலையும் ஒளிப்படத்தையும் யாவாவிலிருந்த விலங்கியற் காட்சிச்சாலைக்கு அனுப்பினார். அதன் பொறுப்பாளர் பீற்றர் ஔவென்ஸ் 1912 இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். மூன்று மீற்றர் வரை வளரும், உலகின் மிகப் பெரிய பல்லி அது. ரிஞ்சாத் தீவிலும் புளோரெஸின் மேற்கு, வடக்குக் கரைகளிலும் அது வாழ்வதும் ஏட்டில் ஏறிற்று. 2009 இல் வெளியான ஆய்வொன்று, அவ்வினத்தின் தொல்லுயிர் எச்சங்கள் ஒஸ்திரேலியாவிலும் உண்டெனக் காட்டியது. இன்று சில தீவுகளில் ஒடுங்கியிருப்பது, ஒரு காலத்தில் பெருநிலமொன்றில் திரிந்த இனமாகும்.

இன்னும் அண்மையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவின் தென்பகுதியில் பழந்தின்னும் உடும்பினம் ஒன்று முன்னரே அறியப்பட்டிருந்தது. அதற்கு 150 கிலோமீற்றருக்கு அப்பால், வடக்கே சியெரா மாத்ரே மலைக்காட்டில், இரண்டு மீற்றர் நீளமான பழந்தின்னும் உடும்பு ஒன்றை ஆய்வாளர் கண்டனர். தெற்கிலுள்ள இனமே வடக்கிலும் பரவியதோ என்ற ஐயத்தை உடற்கூறும் மரபணுவும் தீர்த்தன. அது வேறோர் இனமென்று 2010 இல் அறிவிக்கப்பட்டது. அக்காட்டில் வாழும் அக்தா, இலொங்கோற் குடிகள் அதனை நெடுங்காலமாகவே வேட்டையாடி உண்டு வந்தனர். அவர்கள் வழங்கிய 'பித்தத்தாவா' என்ற பெயரே விஞ்ஞானப் பெயருமாயிற்று.

இவற்றிலிருந்து நாம் பெறும் உண்மை யாது? 'அறியப்பட்ட எல்லை' என்று ஏட்டில் வரையப்படுவது, விலங்கு நடந்த எல்லையன்று; அதனைப் பார்த்து எழுதியவர் நடந்த எல்லையே. எனினும் எல்லைக்கு வெளியே காணப்பட்டவையெல்லாம் பண்டுதொட்டு அங்கிருந்தவை என்று முடிவுகட்டவும் இயலாது. அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள கேப் கோரல் நகரில் 1990 அளவிலிருந்து ஆபிரிக்காவின் நைல் உடும்பு பெருகியிருக்கின்றது. வளர்ப்பதற்கென மனிதர் கொண்டு சென்றதன் விளைவு அது. பழங்குடியா, வந்தேறியா என்பதை உரைப்பது பழைய பதிவுகளே. பதிவு இல்லாதவிடத்து இக்கேள்விக்கு விடையும் இல்லை.

எல்லை விரிவது போலவே சுருங்குவதும் உண்டு. கொமோடோவுக்கு அருகிலுள்ள பாதார் தீவில் அப்பெரும் பல்லி 1970களின் நடுப்பகுதியில் அற்றுப்போயிற்று. அதன் இரையான மான்களை மனிதர் வேட்டையாடியதே காரணமென்பர். முன்னர் அது அங்கிருந்தது என்று ஒருவர் எழுதி வைத்தமையாலேயே இன்று அவ்விழப்பு இழப்பென்று தெரிகின்றது.

இனி நமது கரைக்குத் திரும்புவோம். நிலாவெளிக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்தது இறக்கக்கண்டி. நீருடும்பு விரும்புவது இத்தகைய நீர்க்கரைகளையே. நமது தீவின் நீருடும்பை 1947 இல் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளர் பி. ஈ. பி. தெரணியகல தனித் துணையினமாக வகுத்தார். 2007 இல் கொக் முதலிய ஆய்வாளர், லவுரென்றி பெயரிட்ட முதற்பெயருக்குரிய துணையினம் இலங்கைக்கு மட்டுமே உரியதென வரையறுத்தனர். நம் களப்புக்கரையில் ஊர்வது இத்துணைப் பெருமையுடையது. ஆயின் 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கரையோர மக்களின் வாழ்வையே குலைத்தன. உயிரும் உடைமையும் காக்க ஓடியவர்களிடம் உடும்பின் கணக்கை எவர் கேட்டிருப்பர்? இத்தகைய காலத்தில் ஏட்டில் விழும் வெற்றிடத்தை 'இல்லை' என்று வாசிப்பது பிழையாகும். இல்லையென்று எழுதப்பட்ட விலங்கைக் காக்க எவரும் முன்வருவதில்லை. வீதியும் விடுதியும் வரும்போது அதற்காகப் பேசவும் ஆளிருக்காது.

அவ்வெற்றிடத்தை நிரப்புவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. உடும்பைக் கண்டவர் அதனைத் துரத்தாமலும் துன்புறுத்தாமலும், நாள், நேரம், இடம், நீரிலா நிலத்திலா, ஏறத்தாழ எவ்வளவு நீளம், உடலில் புள்ளிகள் உண்டா என்பவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். கைபேசியில் ஒளிப்படமும் எடுக்கலாம். வலை வீசும் மூத்தோர் அதனை எப்பெயரால் அழைக்கின்றனர், முன்னர் எங்கெங்கே கண்டனர் என்பதையும் கேட்டு எழுதவேண்டும். பாடசாலைகள் ஒவ்வோராண்டும் இதற்கென ஒரு குறிப்பேடு வைத்துப் பேணலாம். பத்தாண்டு கழிந்தால் அக்குறிப்பேடு ஆய்வாளர் நாடிவரும் ஆவணமாகும்.

கொட்டியாரக் கரையில் சிறைப்பட்ட அந்நியர் ஒருவர், நம் நாட்டின் இரு உடும்புகளையும் வேறுபடுத்தி எழுதி வைத்தார். அதே கடற்கரையில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தம் வாயிற்புறத்தில் ஊர்வதை எழுதி வைப்பது அரிதோ? இப்பணி இவ்வாண்டிலேயே தொடங்கட்டும்.