துருவ ஆய்வு விமானங்களின் வரலாறு

துருவக் கடல்களின் புயல், மேகம், கடற்பனி ஆகியவற்றை நேரில் சென்று அளப்பதற்காகக் கருவிகள் பொருத்தப்பட்ட விமானங்கள் துருவ ஆய்வு விமானங்கள் எனப்படுகின்றன. ஆர்க்டிக் பெருங்கடலின் நடுவே நிலப்பரப்பு இல்லை. அங்குள்ள கடற்பனி நகர்ந்துகொண்டே இருப்பதால், நிரந்தர வானிலை நிலையம் அமைக்க இயலாது. செயற்கைக்கோள்கள் மேகங்களின் மேற்பரப்பைத் தெளிவாகப் படம்பிடிக்கின்றன. ஆனால் அம்மேகங்களுக்கு அடியில் கடலுக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் வெப்பப் பரிமாற்றத்தை அறிய அப்படங்கள் மட்டும் போதா.

தொடக்க காலம்

1925ஆம் ஆண்டு நார்வே நாட்டு ஆய்வாளர் ருவால் அமுன்சென், இரண்டு கடல் விமானங்களில் வட துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். வழியில் அவை பனிப்பரப்பின் இடையே இறங்க நேர்ந்தது. குழுவினர் வாரக்கணக்கில் பனியைச் சமன்படுத்தி ஓடுபாதை அமைத்து, ஒரே விமானத்தில் திரும்பினர். 1931இல் கிராஃப் செப்பலின் என்ற ஜெர்மானிய வான்கப்பல் ஆர்க்டிக் பகுதியில் பறந்தபோது, சோவியத் வானிலை அறிஞர் பாவெல் மல்சானவ் அதிலிருந்து வானொலிக் கருவி பொருத்திய பலூன்களைப் பறக்கவிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 முதல் அமெரிக்க வான்படையின் வானிலை விமானங்கள் அலாஸ்காவிலிருந்து துருவம் வரை சென்று வந்தன. 1950களில் இவ்விமானிகள் வானில் விளக்கமுடியாத மங்கலைக் கண்டனர். ஜே. மர்ரே மிட்செல் அதனை ‘ஆர்க்டிக் மூட்டம்’ என்று குறிப்பிட்டார். தொலைவிலுள்ள தொழில் நகரங்களின் மாசே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது.

புயலுக்குள் பயணம்

கடற்பனிப் பரப்பின் மேலிருந்து வரும் கடுங்குளிர் காற்று, பனியற்ற கடலின் மேல் வீசும்போது, நீரிலிருந்து வெப்பமும் ஈரமும் மேலெழுகின்றன. இதனால் சில வேளைகளில் ‘துருவத் தாழ்வழுத்தம்’ எனப்படும் சிறு புயல்கள் உருவாகின்றன. இவை பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் மறைந்துவிடும். முன்கூட்டிக் கணிப்பது கடினமாக இருந்ததால், மீன்பிடி படகுகளுக்கு இவை பேராபத்தாக விளங்கின. பலத்த காற்றோடு, படகின் மேல் தெறிக்கும் நீர் உறைந்து எடை கூடுவதாலும் படகுகள் கவிழக்கூடும்.

1984 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்று நார்வே கடலில் இத்தகைய புயலுக்குள் பறந்தது. புயலின் மையம் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருந்ததையும், காற்றின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 35 மீட்டரை எட்டியதையும் அது அளந்தது. 2008 மார்ச்சில் இதே கடலில் ஒரு புயலின் தோற்றம், வளர்ச்சி, மறைவு ஆகிய அனைத்தும் அடுத்தடுத்த மூன்று பறப்புகளில் பதிவு செய்யப்பட்டன.

மேகங்களும் கடற்பனியும்

1997–98இல் கனடாவின் பனியுடைப்புக் கப்பல் ஒன்று ஆர்க்டிக் பனியில் உறையவிடப்பட்டு, ஓராண்டு மிதக்கும் ஆய்வு நிலையமாகச் செயல்பட்டது. 1998இல் விமானங்கள் அதன் மேலுள்ள மேகங்களுக்குள் பறந்து அளந்தன. உறைநிலைக்குக் கீழேயும் அம்மேகங்களில் நீர்த்துளிகள் உறையாமல் இருப்பதை இவ்வாய்வுகள் விரிவாகப் பதிவு செய்தன. இத்துளிகள் நிறைந்த மேகம் போர்வைபோல் பனிப்பரப்பின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. எனவே மேகத்தில் நீர் எவ்வளவு, பனித்துகள் எவ்வளவு என்பதைத் தவறாகக் கணித்தால், பனி உருகும் கணக்கும் தவறிவிடும். இதனை மேலும் ஆராய 2017இல் ஜெர்மனியின் போலார் 5, போலார் 6 விமானங்கள் ஸ்வால்பார்டு தீவுகளிலிருந்து இயக்கப்பட்டன.

நாசாவின் ஐஸ்சாட் செயற்கைக்கோள் 2009இல் அளவீட்டை நிறுத்தியது. அதன் வாரிசான ஐஸ்சாட்-2 விண்ணேறியது 2018இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ‘ஆபரேஷன் ஐஸ்பிரிட்ஜ்’ விமானங்கள், நீர்மட்டத்துக்கு மேல் தெரியும் பனியின் உயரத்தை லேசர் கதிரால் அளந்தன. அதிலிருந்து பனியின் மொத்தத் தடிமன் கணக்கிடப்பட்டது.

முக்கியத்துவம்

ஒரு விமானம் சில மணி நேரமே பறக்க முடியும். அதன் பாதைக்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது. எனினும் செயற்கைக்கோள் தரவுகளையும் கணினிக் கணிப்புகளையும் சரிபார்க்கும் உரைகல்லாக இவ்வளவீடுகள் பயன்படுகின்றன. வடகடலில் செல்லும் படகுகளுக்குத் தரப்படும் புயல் எச்சரிக்கைக்குப் பின்னால் இப்பறப்புகளின் பங்கும் உண்டு.