டாட்ஜ் சார்ஜர் (புல்லிட் திரைப்படம்)

புல்லிட் திரைப்படத்தின் டாட்ஜ் சார்ஜர் என்பது 1968 ஆம் ஆண்டு வெளிவந்த புல்லிட் என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் இரு கூலிக் கொலையாளிகள் பயன்படுத்தும் கருநிறத் தானுந்து ஆகும். 1968 ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி வகையைச் சேர்ந்த இத்தானுந்து, சான் பிரான்சிஸ்கோ நகரின் மேட்டுத் தெருக்களில் நடைபெறும் துரத்தல் காட்சியில், கதைநாயகன் ஓட்டும் பச்சை நிற ஃபோர்ட் முஸ்டாங்கிற்கு எதிராக ஓடுகின்றது. திரைப்படங்களில் எதிர்நாயகர்கள் ஓட்டிய தானுந்துகளுள் மிகுதியாகப் பேசப்படுபவற்றுள் இதுவும் ஒன்று.

திரைப்படப் பின்னணி

புல்லிட் திரைப்படத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் யேட்ஸ் இயக்கினார். பிலிப் டி'அன்டோனி தயாரித்தார். ராபர்ட் எல். ஃபிஷ் புனைபெயரில் எழுதி 1963 இல் வெளியான ஒரு துப்பறியும் புதினத்தைத் தழுவிய கதை இது. சான் பிரான்சிஸ்கோ காவல்துறை அதிகாரி ஃபிராங்க் புல்லிட் வேடத்தில் ஸ்டீவ் மெக்குயின் நடித்தார். அவருடைய பாதுகாப்பில் இருக்கும் சாட்சி ஒருவரை இரு கொலையாளிகள் விடுதி அறையில் சுடுகின்றனர். பின்னர் அவர்களே சார்ஜரில் புல்லிட்டைப் பின்தொடர்கின்றனர்.

கொலையாளிகளாக நடித்தவர்கள் பால் ஜென்ஜும் பில் ஹிக்மனும் ஆவர். சார்ஜரை ஓட்டுபவர் ஹிக்மன். மூக்குக் கண்ணாடி அணிந்து, முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாமல் ஓட்டுவார். துரத்தல் காட்சியில் எவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆகவே எதிர்நாயகர்களின் குணத்தைக் காட்டும் பொறுப்பில் பெரும்பங்கு அவர்கள் ஓட்டும் வண்டியின் மீதே விழுந்தது எனலாம்.

தானுந்து

இரண்டாம் தலைமுறை சார்ஜர் 1968 ஆம் ஆண்டு வகையாகவே அறிமுகமானது. படம் எடுக்கப்பட்டபோது அது சந்தைக்குப் புதியது. இடைப்பகுதி ஒடுங்கிப் பின்பகுதி புடைத்த உடலமைப்பை அமெரிக்கர்கள் கொக்கக் கோலாப் புட்டியுடன் ஒப்பிடுவர். முகப்பு விளக்குகள், வேண்டாத நேரத்தில், முன்பக்கக் கிராதிக்குள் மறைந்துகொள்ளும். இதனால் எதிரே வருபவருக்கு வண்டியின் முகத்தில் 'கண்கள்' தெரிவதில்லை. ஒரு நீண்ட கரிய பிளவு மட்டுமே தெரியும். கொலையாளிகளின் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான முகம் அமைவது அரிது. ஆர்/டி வகை வண்டிகளின் பின்புறத்தில் வழக்கமாகக் காணப்படும் பட்டைக் கோடுகள் படத்தில் வரும் சார்ஜரில் இல்லை.

வண்டியில் இருந்தது 440 கன அங்குல (7.2 லிட்டர்) கொள்ளளவும் 375 குதிரைத்திறனும் கொண்ட எட்டு உருளை இயந்திரம். முஸ்டாங்கின் இயந்திரமோ 390 கன அங்குல (6.4 லிட்டர்) கொள்ளளவும் 325 குதிரைத்திறனும் கொண்டது. இரு வகையிலும் இரண்டு வண்டிகள் வீதம் பயன்படுத்தப்பட்டன. பந்தய வண்டிகளை உருவாக்குவதில் பெயர்பெற்ற மாக்ஸ் பல்சோவ்ஸ்கி அவற்றைப் படப்பிடிப்பிற்கு ஏற்பச் சீரமைத்தார். முஸ்டாங்கிற்கே கூடுதல் வேலை தேவைப்பட்டது. நேர்ச் சாலையில் சார்ஜர் எளிதில் முந்திவிடும் என்பதால், முஸ்டாங் கூடவே வருவதற்காக ஹிக்மன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது என்று பரவலாகக் கூறப்படுகின்றது. கதையில் தோற்கும் வண்டியே உண்மையில் வலிமை மிக்கது என்பது நோக்கத்தக்கது.

துரத்தல் காட்சி

இக்காட்சி ஏறத்தாழ 10 நிமிடம் 53 நொடி ஓடுகின்றது. தொடக்கத்தில் துரத்துவது சார்ஜர்தான். தன்னைப் பின்தொடர்கின்றனர் என உணரும் புல்லிட் தெருக்களில் மறைந்து சுற்றிவந்து, அவர்களுக்குப் பின்னால் வந்துவிடுகிறான். முஸ்டாங் சார்ஜரின் பின்னோக்குக் கண்ணாடியில் மெல்ல எழுந்து தெரியும் படப்பகுதியே காட்சியின் திருப்பம். வேட்டையாடியவர்கள் வேட்டைக்கு உள்ளாகும் கணம் அது.

இதன்பின் ஹிக்மன் அமைதியாக இருக்கைப் பட்டையை மாட்டிக்கொள்கிறார். ஐக்கிய அமெரிக்காவில் புதிய தானுந்துகளில் இருக்கைப் பட்டை கட்டாயமாக்கப்பட்டது 1968 சனவரியில்தான். அணிய வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. கொலையாளி பாதுகாப்புப் பட்டை அணிவதைக் கண்டதும், வரவிருப்பது எத்தகையது என்று பார்வையாளருக்குப் புரிந்துவிடுகின்றது. சார்ஜர் டயர் புகையைக் கக்கிக்கொண்டு பாய்கின்றது. லாலோ ஷிப்ரினின் இசை அங்கே நின்றுவிடுகின்றது. அதற்குமேல் இயந்திர ஒலியும் டயர்களின் கிறீச்சொலியும் மட்டுமே.

அக்காலத்தில் துரத்தல் காட்சிகளை மெதுவாக ஓட்டிப் படம்பிடித்து, திரையில் வேகமாகக் காட்டுவது வழக்கமாக இருந்தது. புல்லிட் குழுவினர் உண்மையான வேகத்திலேயே ஓட்டினர். மணிக்கு 75 முதல் 80 மைல் வரை என்று திட்டமிடப்பட்ட வேகம் சில இடங்களில் 110 மைலையும் (சுமார் 177 கி.மீ.) தாண்டியது. ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃபிரேக்கர், வண்டிகளின் உள்ளேயே படப்பிடிப்புக் கருவிகளைப் பொருத்தினார். மேட்டிலிருந்து வண்டி எகிறி விழும்போது பார்வையாளரின் வயிறு கலங்குவதற்கு இதுவே காரணம்.

சாகச ஒருங்கிணைப்பாளர் கேரி லாஃப்டின் ஆவார். முஸ்டாங்கை மெக்குயினும் ஓட்டினார். ஆபத்தான பகுதிகளைப் பட் எகின்ஸ் முதலிய சாகச ஓட்டுநர்கள் ஓட்டினர். சார்ஜரில் இத்தகைய பங்கீட்டிற்குத் தேவை எழவில்லை. திரையில் தெரியும் நடிகரே தேர்ந்த சாகச ஓட்டுநராகவும் இருந்தமையால், அவர் முகத்தையும் சாலையையும் ஒரே படப்பகுதியில் காட்ட முடிந்தது.

நகருக்கு வெளியே குவாடலூப் கேன்யன் சாலையில் காட்சி முடிகின்றது. சார்ஜரில் இருப்பவன் துப்பாக்கியால் முஸ்டாங்கைச் சுடுகிறான். புல்லிட் தன் வண்டியால் பக்கவாட்டில் மோதிச் சார்ஜரைச் சாலையிலிருந்து தள்ளுகிறான். அது எரிபொருள் நிலையத்தில் புகுந்து வெடிக்கின்றது.

பிழைகள்

கூர்ந்து நோக்குவோருக்கு இக்காட்சியில் பல பிழைகள் கிட்டும். சார்ஜரிலிருந்து கழன்று ஓடும் சக்கர மூடிகள் நான்கிற்கும் மேற்பட்டவை. பச்சை நிற ஃபோக்ஸ்வேகன் வண்டு ஒன்றை இரு வண்டிகளும் திரும்பத் திரும்ப முந்துகின்றன. ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்து அடுத்தடுத்து இணைத்ததன் விளைவு இது. வண்டிகள் செல்லும் வழியும் நகரின் நிலப்படத்துடன் பொருந்தாது. ஒரு திருப்பத்தில் இருப்பது நகரின் தெற்கு, அடுத்த திருப்பத்தில் இருப்பது வடக்கு.

மிகப் பெரிய பிழை இறுதி வெடிப்பில் நேர்ந்தது. பொம்மைகள் அமர்த்தப்பட்ட சார்ஜரை முஸ்டாங்கின் பக்கத்தில் இணைத்து இழுத்துச்சென்று, உரிய இடத்தில் விடுவித்தனர். அது எரிபொருள் நிலையத்தின் மீது மோதாமல் தாண்டிச் சென்றுவிட்டது. வெடியோ திட்டப்படி வெடித்தது. அதை மீண்டும் எடுக்க முடியாத நிலையில், படத்தொகுப்பே குறையை மறைத்தது. தீப்பிழம்பிற்குப் பின்னால் வண்டி கடந்து செல்வதை இன்றும் காணலாம். படத்தொகுப்பாளர் ஃபிராங்க் கெல்லர் இப்படத்திற்காக ஆசுக்கார் விருது பெற்றார்.

பில் ஹிக்மன்

பில் ஹிக்மன் (1921–1986) நடிகர் ஜேம்ஸ் டீனின் நண்பர். 1955 செப்டம்பர் 30 அன்று டீன் தன் போர்ஷ் வண்டியில் விபத்துக்குள்ளாகி இறந்தபோது, பின்னால் மற்றொரு வண்டியில் வந்துகொண்டிருந்தவர் இவர். டி'அன்டோனி தயாரித்த த பிரெஞ்சு கனெக்சன் (1971) படத்தின் துரத்தல் காட்சியிலும் இவர் வண்டி ஓட்டினார். அதில் கதைநாயகனுடன் ஒத்துப்போகாத நடுவண் அரசு அதிகாரியாக நடிக்கவும் செய்தார். டி'அன்டோனியே இயக்கிய த செவன்-அப்ஸ் (1973) படத்தில் மீண்டும் எதிராளிகளின் வண்டி இவர் கைக்கு வந்தது. அக்காலத்தின் மூன்று பெரும் துரத்தல் காட்சிகளில் பங்குகொண்டும், இவர் பெயர் பொதுமக்களிடையே பரவவில்லை.

தாக்கம்

புல்லிட் திரைப்படம் 2007 இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. புகழில் முஸ்டாங்கிற்கே பெரும்பங்கு கிடைத்தது. ஃபோர்ட் நிறுவனம் புல்லிட் பெயரில் 2001, 2008, 2019 ஆம் ஆண்டு வகைகளாகச் சிறப்பு முஸ்டாங்குகளை வெளியிட்டது. படத்தில் ஓடிய முஸ்டாங்குகளுள் ஒன்று 2020 சனவரியில் 30 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு ஏலம் போனது.

சார்ஜரின் கதை வேறு விதமாகச் சென்றது. 1979 இல் தொடங்கிய த டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட் தொலைக்காட்சித் தொடரில் செம்மஞ்சள் நிற 1969 சார்ஜர் நாயகர்களின் வண்டியாயிற்று. 2001 இல் வெளிவந்த த ஃபாஸ்ட் அன்ட் த ஃபியூரியஸ் படத்தில் 1970 ஆம் ஆண்டுச் சார்ஜரை வின் டீசலின் பாத்திரம் ஓட்டியது. குவென்டின் டரான்டினோவின் டெத் புரூஃப் (2007) படத்தில் அது மீண்டும் கொலையாளியிடம் வந்து சேர்ந்தது. அங்கும் துரத்தத் தொடங்கிய சார்ஜர், துரத்தப்பட்டே அழிகின்றது.