செஸ்னட் கதையில் முன்னாள் அடிமையின் பேச்சு

அமெரிக்காவில் 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னர் வெள்ளையர் எழுதிய புனைகதைகள் பலவற்றில், கறுப்பின முதியவர் கொச்சை பேசி நகைப்பூட்டும் பாத்திரமாகவே இடம்பெற்றார். சார்ல்ஸ் செஸ்னட் 1887இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் வெளியிட்ட, சூனியம் வைக்கப்பட்ட திராட்சைக்கொடி பற்றிய சிறுகதை அதே வார்ப்பைக் கொண்டு வேறு பணி செய்தது. ஆசிரியர் கறுப்பினத்தவர் என்பது அன்று வாசகர்க்குத் தெரிவிக்கப்படவில்லை.

வட கரோலினாவில் பாழடைந்த திராட்சைத் தோட்டமொன்றை வாங்க வரும் வெள்ளையரிடம், முன்னாள் அடிமை ஜூலியஸ் அதில் சூனியம் இருப்பதாகக் கதை சொல்கிறார். அத்தோட்டத்துப் பழங்களால் அவர் பல்லாண்டு பிழைத்து வந்தமை பின்னரே புலனாகிறது. வாங்கியவர் வாங்கிவிடுகிறார், ஜூலியஸ் அவரிடமே வண்டியோட்டியாகிறார். விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை.

ஜூலியஸின் பேச்சில், ‘தி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் உரசொலி வெடிப்பொலியாதல் மெய்யான ஒலித்திரிபு. ‘வாஸ்’ என்னும் வினையின் மாறிய எழுத்துக்கூட்டலோ வெள்ளையரும் இயல்பாக ஒலிப்பதையே குறிக்கிறது. கண்ணுக்கு மட்டுமே அது கொச்சை. இதற்கு ஈடாகத் தமிழ் வட்டார வழக்கொன்றை அளித்தால் அவ்வட்டாரத்தின் ஊரும் சாதியும் உடன்வந்து ஒட்டிக்கொள்ளும்.

அவரை வெள்ளையர் ‘அங்கிள்’ என்பதும் உறவுமுறை அன்று. ‘மிஸ்டர்’ என்னும் மரியாதையை மறுக்கும் வழி. ‘மாமா’ எனப் பெயர்த்தால் அவ்விழிவு மறைந்து, இல்லாத பாசம் தோன்றிவிடும். பெயர்க்க வேண்டியது, கேட்பவரை அளந்து பேசும் அவர்தம் தயக்கமே: சூனியத்தில் அவர்களுக்கு நம்பிக்கை உண்டோ இல்லையோ அறியேன் என்றே அவர் தொடங்குகிறார்.