பல்லவி பாடிய பட்டம்மாள்

டி. கே. பட்டம்மாள் 1919 ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்து, 2009 இல் சென்னையில் மறைந்தார். அந்தத் தொண்ணூறாண்டு வாழ்வை எண்ணும்போதெல்லாம் என் மனம் பல்லவியிடமே சென்று நிற்கிறது. அந்தணர் குடும்பத்துப் பெண்கள் மேடையேறுவதே வழக்கமில்லாத காலம் அது. பல்லவியோ ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்டது. ஒரே அடியைத் தாளம் பிறழாமல், காலத்தைக் கூட்டியும் குறைத்தும் பாடவேண்டும். கணக்குப் பிசகினால் அவை நடுவே தலைகுனிவுதான். இளமையில் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த அம்மையார், கடினமான தாளங்களிலும் பல்லவி பாடிக் காட்டினார்.

1947 ஆகஸ்டு 15 அன்று வானொலியில் பாரதியார் பாடல்களைப் பாடியவரும் அவரே. சங்கீத கலாநிதி விருது 1970 இல்தான் வந்தது. விருதுகள் கிடக்கட்டும்! மாணவர்களே, அவர் பாடிய பல்லவி ஒன்றைக் கையால் தாளமிட்டவாறே கேட்டுப் பாருங்கள். நான் பாதியிலேயே தாளத்தைத் தவறவிட்டேன்.