17 கோடுகள், ஒரு பென்சில்

"ஸ்கூல்ல பையனுக்கு ஏதோ டெஸ்ட் எடுக்கணும்னு லெட்டர் குடுத்து விட்டிருக்காங்க. கையெழுத்து போடலாமா, வேண்டாமா?"

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கிறது. கேட்பவர் குரலில் பாதி பயம், பாதி கோபம். "எம் பையனுக்கு என்ன குறைச்சல்? வீட்ல நல்லாத்தானே பேசுறான்" என்பது அடுத்த வரி. நான் வங்கிக்காரன், பி.காம். படித்தவன். மருத்துவமும் மனோதத்துவமும் என் துறை இல்லை. ஆனால் ஒரு மனிதருக்கு மார்க் போட்டு ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும் வேலையை நாங்களும் தினமும் செய்கிறோம் (கடன் கேட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்). அதனால் குழந்தைகளுக்குப் போடும் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. கதை பாரிஸில் ஆரம்பித்து, லாகூர், தார்வாட், பரோடா என்று சுற்றி, நம்ம திருவனந்தபுரத்தில் வந்து நிற்கிறது.

1904-ல் பிரெஞ்சு அரசு ஒரு குழு போட்டது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 1880களிலேயே அங்கே வந்துவிட்டது. வந்த பிள்ளைகளில் பாடம் பிடிபடாதவர்களை என்ன செய்வது? "இவன் மக்கு" என்று வாத்தியார் சொன்னால் அதுவே தீர்ப்பா? அப்படி இருக்கக்கூடாது என்று நினைத்தவர் ஆல்ஃபிரட் பினே. தியோடோர் சிமோன் என்ற இளம் டாக்டருடன் சேர்ந்து 1905-ல் 30 சின்னச் சின்ன வேலைகளை வரிசைப்படுத்தினார். முதல் வேலை, எரியும் தீக்குச்சியைக் குழந்தை கண்ணால் தொடர்கிறதா என்று பார்ப்பது. போகப்போகக் கடினமாகும். வீட்டில் தன் இரண்டு பெண்கள் மாதலீனும் ஆலிஸும் ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாக யோசிப்பதை வருஷக்கணக்காகக் கவனித்துக் குறிப்பெடுத்த அப்பா அவர். இந்த அளவு மாறாத ஒன்று என்று அவர் நினைக்கவில்லை. பயிற்சி கொடுத்தால் பிள்ளை முன்னேறும் என்றே எழுதினார்.

1911-ல் பினே இறந்துபோனார். அதன்பிறகு கதை கொஞ்சம் கெட்டுப்போனது என்பது என் அபிப்பிராயம். 1912-ல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுத்தார். 1916-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கினார். ஐக்யூ என்ற ஒற்றை எண் பிறந்தது. பினே பட்டியலாகக் கொடுத்ததை ஒரே எண்ணாக்கிவிட்டார்கள். பேலன்ஸ் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு கடைசி வரி லாபத்தை மட்டும் படிப்பதுபோல.

இந்தியாவுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. லாகூர் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த சி. ஹெர்பர்ட் ரைஸ் 1920களில் பஞ்சாப் பையன்களுக்காக ஒரு ஹிந்துஸ்தானி பினே அளவுகோல் செய்தார். அடுத்து வந்தவர்தான் முக்கியமானவர், வி.வி. காமத். கன்னடத்திலும் மராத்தியிலும் தார்வாட் பக்கத்துப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து, 1940-ல் புத்தகமாகவே போட்டார். "பினே-காமத் டெஸ்ட்" என்று உங்கள் ஊர் ரிப்போர்ட்டில் எங்காவது பார்த்திருந்தால், அது இவருடையதுதான். உத்தரப் பிரதேசத்தில் சி.எம். பாட்டியா 1955-ல் மொழியே அதிகம் தேவைப்படாத, கட்டைகளை அடுக்கிப் படம் சேர்க்கும் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். நாக்பூரில் ஏ.ஜே. மாலின், அமெரிக்காவின் வெக்ஸ்லர் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றி 1969-ல் வெளியிட்டார். வாய்மொழி தனி, கைவேலை தனி என்று மொத்தம் 11 பகுதிகள்.

இனி நம்ம ஊர்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தை நாகர்கோவில், குழித்துறை பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பெரிய வியாதி என்றால் பஸ் வடக்கேதான் போகும். அந்த வளாகத்தில் 1952-ல் வந்தது எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி. ஸ்ரீ அவிட்டம் திருநாள் என்பது சின்ன வயதிலேயே இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசரின் பெயர். ஒரு குழந்தையின் நினைவாகத் தாய் சேய் ஆஸ்பத்திரி.

அந்த வளாகத்தில் உருவானதுதான் சைல்டு டெவலப்மெண்ட் சென்டர். அதை உருவாக்கியவர் குழந்தை மருத்துவர் எம்.கே.சி. நாயர். (பிறகு 2014 முதல் 2019 வரை கேரள சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.) அவரும் சக மருத்துவர்களும் 1991-ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஒரு பக்க அட்டவணை ஒன்றை வெளியிட்டார்கள். பெயர், திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை. உலக மருத்துவ எழுத்தில் 'டிரிவாண்ட்ரம்' என்ற பழைய பெயரோடு அது இன்றும் நிற்கிறது. ஊர் பெயர் மாறினாலும் அட்டவணை பெயர் மாறவில்லை.

அது என்ன செய்கிறது? பிறந்தது முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு 17 விஷயங்கள். முகம் பார்த்துச் சிரிப்பது. பேனாவைக் கண்ணால் தொடர்வது (பினேயின் தீக்குச்சி ஞாபகம் வருகிறதா?). தலை நிற்பது. குப்புற விழுவது. சத்தம் வந்த பக்கம் திரும்புவது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது. எழுந்து உட்காருவது, பிடித்துக்கொண்டு நிற்பது, சின்ன மணியை விரல் நுனியால் எடுப்பது, கை தட்டி விளையாடுவது, பிடித்து நடப்பது, பந்து எறிவது, தனியாக நடப்பது, இரண்டு வார்த்தை சொல்வது, பின்பக்கமாக நடப்பது, கைபிடித்து மாடிப்படி ஏறுவது, கடைசியாக பொம்மையின் கண் எங்கே, மூக்கு எங்கே என்று காட்டுவது. நம் ஆச்சிமார் எந்தப் பேப்பரும் இல்லாமல் வைத்திருந்த அதே பட்டியல்தான் பெரும்பாலும்.

ஆச்சியிடம் இல்லாதது வயதுக் கணக்கு. அது பரோடாவிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நான்சி பெய்லி செய்த அளவுகோலை பரோடா பல்கலைக்கழகத்தில் பிரமிளா ஃபாடக் இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து, இந்திய வயதுகளைக் குறித்து வைத்திருந்தார். திருவனந்தபுரத்துக்காரர்கள் அதிலிருந்து 17-ஐப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் படுக்கையாக ஒரு கோடு. நூறில் மூன்று குழந்தைகள் செய்துவிடும் வயதில் கோடு ஆரம்பிக்கும், 97 குழந்தைகள் செய்துவிடும் வயதில் முடியும். உங்கள் குழந்தைக்குப் பத்து மாதமா? பத்து மாதத்தில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வையுங்கள். பென்சிலுக்கு இடது பக்கமே முடிந்துபோன கோடுகளில் ஏதாவது ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால், டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அங்கன்வாடி டீச்சர் ஐந்து, ஏழு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஒரு பேனா, ஒரு கிலுகிலுப்பை, ஒரு பந்து, ஒரு பொம்மை இருந்தால் போதும்.

எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கோட்டின் நீளம்தான். "ஒரு வயசுல நடக்கணும்" என்று ஒற்றைத் தேதி போடாமல், இங்கிருந்து இங்கே வரை எல்லாமே சரி என்று இடம் விட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்ததற்காக நம் வீட்டில் தூக்கம் கெட வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். அவர்கள் வெளியிட்ட முடிவின்படி இந்த அட்டவணை, உண்மையிலேயே பின்தங்கிய குழந்தைகளில் 66.7 சதவீதம் பேரைப் பிடிக்கும். பிரச்சினை இல்லாத குழந்தைகளில் 78.8 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். ஒரு பேச்சுக்கு ஆயிரம் குழந்தைகளில் 20 பேருக்கு உண்மையான பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். அந்த 20-ல் 13 பேர் சிக்குவார்கள், 7 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 980 பேரில் 200-க்கும் மேல் சும்மாவே சிக்குவார்கள். ஆக, "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லப்படும் 220 பேரில் உண்மையான பிரச்சினை உள்ளவர்கள் 13 பேர்தான். இந்தக் கணக்கு தெரியாமல் எத்தனை அம்மாக்கள் அழுதிருப்பார்கள்! அட்டவணையில் குற்றம் இல்லை. அது முதல் சல்லடை. கடன் விண்ணப்பத்தில் கவுண்டர்காரர் பென்சிலால் ஒரு டிக் போடுவது மாதிரி, சாங்ஷனும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. அடுத்து ஒரு முழுப் பரிசோதனை உண்டு, அதற்குத்தான் டாக்டர். மறுபக்கம், தப்பிவிடும் அந்த ஏழு பேரை நினைத்தால், ஒரு தடவை பார்த்து "ஓகே" என்று சொன்னதோடு விட்டுவிடக்கூடாது என்பதும் தெரியும்.

17-ல் பேச்சு பற்றியது என்று பார்த்தால் இரண்டு வார்த்தை சொல்வது ஒன்றுதான். அதை அவர்களே உணர்ந்து, மூன்று வயது வரைக்கும் மொழிக்கென்று 33 விஷயங்களோடு தனி அளவுகோல் ஒன்று செய்தார்கள். பிறகு 2013-ல் வளர்ச்சி அட்டவணையையும் ஆறு வயது வரை நீட்டி 51 விஷயங்களாக்கினார்கள்.

பெரிய பிள்ளைகள் கதை வேறு. 1896-ல் இங்கிலாந்து டாக்டர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, கணக்கு நன்றாக வரும், ஆனால் எழுத்து மட்டும் படிக்க வராது. நம்மூரில் அப்படிப்பட்ட பெர்சிகளுக்குக் கிடைத்தது பிரம்படி. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2007 டிசம்பரில் 'தாரே ஜமீன் பர்' படம் வந்தபோதுதான் பல வீடுகளில் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லே நுழைந்தது. 2016 சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது, அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் 1991-ல் செய்த தொகுப்பைத்தான் 2018 ஜனவரி வழிகாட்டுதலும் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. (அட்டவணையும் 1991, இதுவும் 1991. நல்ல வருஷம் போல.)

இங்கே மொழி குறுக்கே வரும். என் அத்தான் மகன் திருவனந்தபுரத்தில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். எட்டாவது படிக்கும்போது ஒருவர் முழுக்க ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுச் சோதித்தார். வாய்மொழிப் பகுதியில் எழுபத்திச் சொச்சம், கட்டை அடுக்குவதில் நூறைத் தாண்டினான். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஓர் எண் எழுதி, "பையன் சுமார்தான்" என்று அனுப்பிவிட்டார். நஷ்டத்தில் ஓடும் கிளையையும் லாபத்தில் ஓடும் கிளையையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண் எந்தக் கிளையையும் பற்றிச் சொல்லாது. அக்கா விடவில்லை. வேறு இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்தபோது, பையனுக்குப் புத்தியில் குறை எதுவும் இல்லை, வாசிப்பதில்தான் சிக்கல் என்று தெரிந்தது. அதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது.

எழுத்தே வேறு வேறு. மலையாளத்தில் க-வுக்கு நான்கு வடிவம் உண்டு. தமிழில் ஒரே க, 'கல்'லில் ஒரு சத்தம், 'தங்க'த்தில் ஒன்று, 'பக'லில் இன்னொன்று. மலையாளப் பிள்ளை அதிக எழுத்தை நினைவில் வைக்கவேண்டும், தமிழ்ப் பிள்ளை இடம் பார்த்து ஒலிக்கவேண்டும், அதோடு ல, ள, ழ தகராறு. ஒன்றுக்குச் செய்த வாசிப்புச் சோதனையை மற்றதற்கு அப்படியே மொழிபெயர்த்தால் அளப்பது வேறு எதையோ.

வெளிநாட்டில் இந்தச் சண்டை கோர்ட் வரை போயிருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிஷில் திரும்பச் சோதித்தபோது பெரும்பாலானவர்கள் அந்த வரம்பைத் தாண்டினார்கள். டயானா வழக்கு என்று பெயர், 1970-ல் சமரசமாகி, தாய்மொழியில் சோதிக்க ஒப்புக்கொண்டார்கள். மறு வருஷம் லண்டனில், கிரெனடாவிலிருந்து வந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட், மேற்கிந்தியத் தீவுப் பிள்ளைகள் எப்படித் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். குடியேறிய பெற்றோர் கூட்டங்களில் அது கைமாறியது. கையெழுத்து போடச் சொல்லி இன்று நமக்கு வரும் படிவத்தில் "வீட்டில் பேசும் மொழி எது?" என்ற கேள்வி இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அம்மா அப்பாக்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் கௌரவத்துக்காக 'ஆங்கிலம்' என்று எழுதாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று, அடிப்படை ஆண்டு. விலைவாசிக் குறியீட்டை 1940-ஐ அடிப்படையாக வைத்து இன்று கணக்கிட்டால் சிரிப்பார்கள். நியூஸிலாந்தின் ஜேம்ஸ் ஃப்ளின் 1984-ல் காட்டியபடி, அமெரிக்காவில் பத்து வருஷத்துக்குச் சுமார் மூன்று புள்ளி வீதம் சராசரி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய அளவுகோலில் அளந்தால் பிள்ளை உண்மையைவிட உயரமாகத் தெரிவான், உதவி தேவைப்படுபவன் வரம்புக்கு மேலே நின்றுவிடுவான். எந்த டெஸ்ட், எந்த வருஷத்துப் பதிப்பு, யாரிடம் சோதித்து வயதுக் கணக்கு போட்டது, எந்த மொழியில் கேட்டீர்கள் என்று நாம் கேட்கலாம். கேட்டால் நல்ல சைக்காலஜிஸ்ட் கோபப்படமாட்டார்.

என்னைக் கேட்டால், கையெழுத்து போடுங்கள். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி எண்ணை மட்டும் வாங்காமல், பகுதி பகுதியாக உள்ள மார்க்கையும் வாங்கி வையுங்கள். ஊர் திரும்பும் எண்ணம் இருப்பவர்களுக்கு அது இன்னும் அவசியம். இந்தியாவில் பரீட்சைக்கு மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் என்று சலுகைகள் உண்டு, ஆனால் அதற்கு அங்கே உள்ள மருத்துவ போர்டின் சான்றிதழ் வேண்டும், வெளிநாட்டு ரிப்போர்ட் துணைக்குத்தான் வரும். 2018 வழிகாட்டுதல்கள் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டிருக்கின்றன, புதியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு தொடங்கிய பிறகு ஓடினால் நேரம் போதாது. ஒன்பதாவதிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.