கூரு: நடுங்கிச் செத்த மலைக்கிராமங்கள்

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்தில் நூலகத்தில் வேறு புத்தகத்தைத் திறந்துவிட்டேன். அதன் விளைவுதான் இது. பி.காம்.காரனுக்குக் கிருமியோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள்.

பப்புவா நியூ கினியின் கிழக்கு மலைப்பகுதியில் ஃபோரே என்றொரு பழங்குடி. 1950களில் அவர்களிடையே ஒரு நோய் பரவியது. முதலில் நடை தள்ளாடும், பிறகு உடம்பு நடுங்கும், கடைசியில் விழுங்கக்கூட முடியாது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மரணம். அவர்கள் வைத்த பெயர் கூரு, அதாவது நடுக்கம். மோசமான ஆண்டுகளில் சுமார் 200 பேர் இறந்தார்கள். அதிலும் அதிகம் பெண்களும் குழந்தைகளும்தான். சில ஊர்களில் பெண்களே குறைந்துபோய், தாயில்லாப் பிள்ளைகளை அப்பாக்கள் வளர்த்தார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள்.

1957-ல் வின்சென்ட் ஜிகாஸ், கார்ல்டன் காய்டுசெக் என்ற இரண்டு டாக்டர்கள் இதை ஆராய்ந்தார்கள். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. அப்படியானால் தொற்று இல்லை, பரம்பரை நோயோ என்று நினைத்தார்கள். எனக்கே இது இடித்தது. பிள்ளை பெறும் வயதிலேயே ஆளைக் கொல்லும் பரம்பரை நோய் எப்படி இவ்வளவு பேரிடம் இருக்கும்? முதலையே தின்கிற வியாபாரம் எத்தனை நாள் ஓடும்?

விடையின் ஒரு பாதி ஆட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. கூருவில் இறந்தவர் மூளையும், ஸ்க்ரேப்பி நோயில் செத்த ஆட்டின் மூளையும் ஒரே மாதிரி ஓட்டை ஓட்டையாக இருப்பதை 1959-ல் வில்லியம் ஹாட்லோ என்ற கால்நடை மருத்துவர் சுட்டிக்காட்டினார். ஸ்க்ரேப்பி ஆட்டுக்கு ஆடு தொற்றக்கூடியது. 1966-ல் கூருவும் சிம்பன்சிக்குத் தொற்றியது நிரூபணமானது.

மறு பாதியைக் கொண்டுவந்தவர்கள் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்ற மானிடவியலாளர்கள். 1960களின் தொடக்கத்தில் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இறந்த உறவினரைச் சாப்பிடும் வழக்கம் அங்கே அவ்வளவு பழையதல்ல. ஆண்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ள, பெண்களும் குழந்தைகளும் மூளை உட்படச் சாப்பிட்டார்கள். கொலைவெறியால் அல்ல, பாசத்தால். காய்டுசெக்குக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இருவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கிருமி எது? வைரஸ் என்றால் உள்ளே டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இருக்கும். ஸ்க்ரேப்பிக் கிருமியோ அவற்றைச் சிதைக்கும் கதிர்வீச்சுக்கும் அசையவில்லை. 1982-ல் ஸ்டான்லி புருசினர், இது வெறும் புரதம் என்று சொல்லி 'ப்ரியான்' என்று பெயரிட்டார். பலர் நம்பவில்லை, ஆனால் 1997-ல் அவருக்கும் நோபல். நம் உடம்பில் ஏற்கெனவே உள்ள புரதம்தான், மடிப்பு மட்டும் தப்பு. தப்பாக மடிந்தது பக்கத்திலுள்ளதையும் தப்பாக மடிக்கும். சொந்தப் புரதம் என்பதால் உடம்பு எதிர்ப்பதே இல்லை. காய்ச்சல் வராததன் காரணம் இதுதான். சமைத்தாலும் அழியாது.

ஆஸ்திரேலிய நிர்வாகத்தின் தடையால் 1950களிலேயே அந்த வழக்கம் நின்றது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கூரு வரவில்லை. ஆனால் 1996 முதல் 2004 வரை இன்னும் 11 நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். எல்லோரும் 1960-க்கு முன் பிறந்தவர்கள்.