மூழ்குக் கண்ணாடியும் சிறிய முகமும்

தென்கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் மூழ்கி அபலோன் என்னும் கடல்நத்தை, சங்கு, கடற்பாசி ஆகியவற்றை எடுத்து வாழும் பெண்கள் ஹேன்யோ எனப்படுவர். 'கடற்பெண்' என்பது இச்சொல்லின் பொருள். மூச்சுக்கருவி எதுவும் இல்லாமல், இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டே இவர்கள் கடலடிக்குச் செல்கின்றனர். இவர்களது பண்பாடு 2016இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மிதவை, வலைப்பை, இரும்புக் கொக்கி எனச் சில கருவிகளே இவர்களுக்கு உண்டு. அவற்றுள் முகத்தோடு ஒட்டியே இருக்க வேண்டியது கண்ணாடி. அது பொருந்தாவிட்டால் அன்றைய வேலை கெடும். சில வேளை கண்ணும் கெடும்.

நீருக்குள் மனிதக் கண்ணுக்குத் தெளிவான பார்வை இல்லை. காற்றிலிருந்து கருவிழிக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது. நீரிலிருந்து நுழையும்போது அந்த வளைவு பெரும்பாலும் இல்லாமல் போகிறது. ஆகவே கண்ணுக்கும் நீருக்கும் இடையில் ஒரு காற்றறை தேவை. பழங்காலத்தில் அந்த வசதி இல்லை. மன்னார் வளைகுடாவில் கல்லின் எடையால் கீழிறங்கி முத்துச்சிப்பி எடுத்தவர்களும், ஜப்பானின் அமா எனப்படும் மூழ்கும் பெண்களும், ஜேஜு பெண்களும் வெறுங்கண்ணோடுதான் கடலடியைத் துழாவினர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்காசியக் கடற்கரைகளில் கண்ணாடி பரவியது. ஜப்பானின் சில ஊர்களில், இதனால் நத்தை வளம் அழிந்துவிடும் என்று அஞ்சி முதலில் தடைகூட விதித்தனர். கண்ணாடி எவ்வளவு பயன் தந்தது என்பதற்கு அந்த அச்சமே சான்று. ஜேஜுவில் வழங்கிய முதல் வகை, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறு வட்டக் கண்ணாடிகள் கொண்டது. கொரிய மொழியில் 'நுன்' என்றால் கண். மூழ்குக் கண்ணாடியையும் அப்பெண்கள் அச்சொல்லாலேயே குறித்தனர். இவ்வகை 'சிறு கண்' எனப்பட்டது. ஏவோல், கூஜ்வா பகுதிகளின் கைவினைஞர் செய்த கண்ணாடிகள் அவ்வவ் ஊர்ப் பெயராலேயே வழங்கின.

சிறு கண் சிறிய முகத்துக்கு இடையூறாக இருக்கவில்லை. அது படியவேண்டிய இடம் கண்குழியின் ஓரம் மட்டுமே. கன்னம் ஒடுங்கியிருந்தாலும் மூக்கு சிறிதாக இருந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. அதன் குறை வேறு. நீருக்கு மேலே உள்ள காற்றழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்காகிறது. அந்த ஆழத்தில் காற்றறைக்குள் இருக்கும் காற்று பாதி இடத்துக்குள் சுருங்கப் பார்க்கிறது. கண்ணாடியோ சட்டமோ சுருங்காது. சுருங்கும் காற்றின் இடத்தை நிரப்பக் கண்ணைச் சுற்றிய தசை உள்ளே இழுக்கப்பட்டு வீங்குகிறது, நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெடித்து வெள்விழி சிவக்கிறது. ஜப்பானில் இதற்காகக் கண்ணாடியின் பக்கவாட்டில் சிறு காற்றுப்பைகளை இணைத்தனர். நீரழுத்தம் பையை நசுக்க, அதிலிருந்த காற்று கண்ணறைக்குள் சென்றது. எளிய, ஆனால் மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

அடுத்து வந்தது ஒற்றைக் கண்ணாடி. ஜேஜுவில் இதற்கு 'வாங்னுன்', அதாவது அரசக்கண் என்று பெயர். பெரிய நாகத்தைத் தமிழர் ராஜநாகம் என்பதைப் போன்ற வழக்கு இது. இதில் மூக்கும் உள்ளே அடங்கியது. மூக்கு வழியே சிறிது காற்றை ஊதினால் போதும், அழுத்தம் சமமாகிவிடும், காற்றுப்பைக்கு வேலையில்லை. ஐரோப்பாவிலும் இதே மாற்றம் நடந்தது. 1936இல் துலோன் நகருக்கு அருகே ழாக் கூஸ்தோ முதன்முதலில் கடலடியைப் பார்த்தது மூக்கை மூடாத ஃபெர்னே கண்ணாடி வழியாகத்தான். மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடிகள் 1930களின் பிற்பகுதியில் பரவின. 1952இல் இத்தாலியின் கிரெஸ்ஸி நிறுவனம், விரலால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வசதியாகத் தனி மூக்குறை வைத்த 'பினோக்கியோ' முகமூடியைக் கொண்டுவந்தது. நீண்ட மூக்குப் பொம்மையின் பெயர் அதற்கு நன்றாகவே பொருந்தியது.

இங்கேதான் சிறிய முகத்தின் தொல்லை தொடங்கியது. கண்குழியோடு நின்ற விளிம்பு இப்போது நெற்றி, பொட்டு, கன்னம், மேலுதடு எனச் சுற்றிவர வேண்டியதாயிற்று. அழுத்தச் சிக்கல் தீர்ந்தது. பொருத்தச் சிக்கல் முகம் முழுவதும் பரவியது. தொழிற்சாலை அச்சில் வார்த்த தடித்த கறுப்பு ரப்பர், அகன்ற முகத்தில் படிந்ததுபோல் ஒடுங்கிய முகத்தில் படியவில்லை. பொட்டின் பக்கம் இடைவெளி விழுந்தது. கீழ் விளிம்பு உதட்டில் ஏறியது. தட்டையான மூக்குத்தண்டின் அருகே நீர் கசிந்தது. வாரை இறுக்கிக் கட்டுவதே பலரும் செய்த மருத்துவம். அதனால் ரப்பர் மடங்கிக் கசிவு அதிகமானதும், நெற்றியில் தழும்பு விழுந்ததும்தான் மிச்சம். பெரிய அறையில் காற்றும் அதிகம். அடக்கிய ஒரே மூச்சில் வேலை செய்பவருக்கு, முகமூடிக்குள் ஊதும் ஒவ்வொரு துளிக் காற்றும் செலவுதான்.

1980களில் சிலிகோன் விளிம்பு பரவலானபோது நிலைமை சற்று மாறியது. அது ரப்பரைவிட மென்மையானது, தோலின் வளைவுக்கு ஏற்ப வளைவது. கண்ணாடியைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துக் காற்றறையைக் குறைத்த வடிவங்களும், ஒடுங்கிய முகத்துக்கான சிறிய விளிம்புகளும் கடைகளுக்கு வந்தன. சிறிய முகம் என்பதற்காகக் குழந்தைகளின் விளையாட்டு முகமூடியை வாங்குவது தவறு. அதன் மெல்லிய பிளாஸ்டிக் ஆழத்தின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. வாரை மாட்டாமல் முகமூடியை முகத்தில் வைத்து, முடிகள் விளிம்புக்குள் சிக்காமல் ஒதுக்கி, மூக்கால் மெல்ல மூச்சிழுக்க வேண்டும். கையை எடுத்த பின்னும் அது ஒட்டியே நின்றால் பொருந்துகிறது. மூச்சுக்குழாயை வாயில் கடித்துக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பது நல்லது. வாய் அசையும்போது மேலுதட்டின் மடிப்பும் மாறும். சிரித்தாலும் கன்னக்கோடு வழியே நீர் வரும் என்பது மூழ்குவோர் அறிந்ததே.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்களும் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்தே நீரில் இறங்குகின்றனர். பாறை இடுக்கில் பாசியைத் தேடிப் பறிக்கும் அவர்களுக்கு, கண்ணாடிக்குள் புகும் ஒரு கை நீரும் மேலே வந்து கொட்டிவிட்டு மறுபடி மூழ்க வேண்டிய வேலையாகிறது. கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஜேஜு பெண்கள் இன்றும் கையாளும் மருந்து, கடற்கரையில் பறித்த மாசிபத்திரி இனத் தழைதான். அதைக் கசக்கிக் கண்ணாடியின் உட்புறம் தேய்த்து, கடல்நீரில் அலசிவிட்டு முகத்தில் மாட்டிக்கொள்கின்றனர்.